பெயர் கேட்காமல் விட்ட ஒருவர்

வணக்கம். சில ஆண்டுகளுக்கு முன் என் தந்தையை அவசர சிகிச்சைப் பிரிவுக்குள் கொண்டுசென்றபோது, சேர்க்கைப் படிவத்தை மடியில் வைத்துக்கொண்டு, அவருடைய பிறந்த தேதிகூட நினைவுக்கு வராமல் நான் வெளியே உட்கார்ந்திருந்தேன். பக்கத்து இருக்கையில் இருந்த, முன்பின் அறியாத ஒரு பெண்மணி அந்தப் படிவத்தை மெல்ல வாங்கி, ஒவ்வொரு கேள்வியாக வாசித்து, நான் சொல்லச் சொல்லத் தாமே நிரப்பினார். அவருடைய இடது கையில் ஒரு மருந்துச் சீட்டு கசங்கிக் கிடந்ததை அப்போதுதான் கவனித்தேன். அவரும் உள்ளே இருக்கும் யாருக்காகவோ காத்திருந்தவர். கையெழுத்துப் போடத் தம் பேனாவை நீட்டினார். படிவத்தைக் கொடுத்துவிட்டு நான் திரும்பி வருவதற்குள் அவரை உள்ளே அழைத்துவிட்டார்கள்; பேனா என்னிடமே தங்கிவிட்டது.

உதவியவருக்குத் தம் உதவி எதுவரை போய்ச் சேர்ந்தது என்று பெரும்பாலும் தெரிவதே இல்லை. ஆஸ்திரேலியாவின் ஜேம்ஸ் ஹாரிசனுக்கு 1951-இல், 14 வயதில், நுரையீரல் அறுவை சிகிச்சை நடந்தது. முகம் தெரியாதவர்கள் கொடுத்த ரத்தத்தால் பிழைத்த அவர், 18 வயது நிறைந்ததும் தாமும் கொடுக்கத் தொடங்கி, 81 வயது வரை 1,173 முறை கொடுத்தார். தாயின் உடல் வயிற்றிலுள்ள குழந்தையின் ரத்த அணுக்களைத் தாக்காமல் தடுக்கும் மருந்துக்குத் தேவையான அரிய எதிர்ப்பொருள் அவருடைய பிளாஸ்மாவில், அதாவது ரத்தத்தின் திரவப் பகுதியில், இருந்தது. சுமார் 24 லட்சம் குழந்தைகளைக் காக்க அது உதவியதாக மதிப்பிடுகிறார்கள். சிறுவயதில் அவருக்கு ஏற்றப்பட்ட ரத்தமே அந்த எதிர்ப்பொருள் உருவாகக் காரணமாக இருந்திருக்கலாம் என்றும் மருத்துவர்கள் கருதினார்கள். அந்த ரத்தத்தைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனவர்களை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

அப்படியானால் நாம் ஏன் பல நேரங்களில் கண்டும் காணாமல் போகிறோம்? மனம் கெட்டுவிட்டது என்று சொல்ல எனக்கு விருப்பமில்லை. உளவியலாளர்கள் ஜான் டார்லியும் டேனியல் பேட்சனும் 1973-இல் வெளியிட்ட ஆய்வில், இறையியல் மாணவர்கள் 40 பேரை ஒருவர்பின் ஒருவராக வேறொரு கட்டடத்துக்குப் போகச் சொன்னார்கள். வழியில் ஒருவர் சுருண்டு கிடந்து இருமிக்கொண்டிருந்தார். நேரம் இருக்கிறது என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் 63 விழுக்காட்டினர் உதவினார்கள். தாமதமாகிவிட்டது, விரையுங்கள் என்று சொல்லப்பட்டவர்களில் உதவியவர்கள் 10 விழுக்காடுதான். அவர்களில் சிலர் பேசப் போனதோ, வழியில் அடிபட்டுக் கிடந்த அந்நியனுக்கு உதவிய, பைபிள் கதையில் வரும் நல்ல சமாரியனைப் பற்றி. இதைப் படித்தபோது எனக்கு வலித்தது, ஏனென்றால் நானும் எந்நேரமும் அவசரத்தில் இருப்பவன். கடிகாரத்தைப் பார்த்தபடி கடந்துபோன முகங்கள் எத்தனையோ!

இப்போது எங்கே போவதானாலும் பத்து நிமிடம் முன்னதாகப் புறப்படுகிறேன். பெரும்பாலான நாட்களில் அந்தப் பத்து நிமிடத்தில் எதுவும் நடப்பதில்லை. போன மாதம் ஒரு முதியவர் படிக்கட்டின் பாதியில் கைப்பிடியைப் பற்றியபடி நின்றிருந்தார். அவருக்கு மூச்சு சீராகும் வரை நானும் அதே படியில் நின்றேன். இருவரும் அதிகம் பேசவில்லை. என் சட்டைப்பையில் அந்தப் பேனா இருந்தது. அதற்கு இதுவரை இரண்டு முறை ரீஃபில் மாற்றிவிட்டேன்.