டர்போ காருக்கு அலுமினிய பைப் மாட்டுறது: எங்க லீக் ஆகும், ஏன் ஆகும்

வணக்கம் மக்களே! வண்டி லிஃப்ட்ல ஏறியாச்சு, அடித்தட்டு கழட்டியாச்சு. 2 லிட்டர் டர்போ பெட்ரோல், டர்போ அமுக்கின சூடான காத்தை ஆத்துற இன்டர்கூலர் ரேடியேட்டருக்கு முன்னாடி உக்காந்திருக்கு. இன்ஜினுக்குக் காத்து கொண்டு போற கம்பெனி பிளாஸ்டிக் பைப் எல்லாம் வெளிய வருது, இந்த அலுமினிய செட் உள்ள போகுது.

ஒண்ணை முதல்லயே சொல்லிடுறேன். பைப் மட்டும் மாத்தினா 20 குதிரை ஏறும்னு கடைக்காரர் சொன்னா, சிரிச்சுட்டு அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்க. வேற எதுவும் மாத்தாத ஸ்டாக் வண்டியில சீட்ல உக்காந்து உணர்ற அளவுக்கு பவர் வராது. அப்புறம் எதுக்கு மாட்டுறோம்? பிளாஸ்டிக் வெடிக்கும், அதான்.

கணக்கு போட்டுப் பாருங்க. நம்ம ஊர் 35 டிகிரி காத்தை 1 பார் பூஸ்ட்டுக்கு, அதாவது வெளிக்காத்தை விட 1 பார் கூடுதல் அழுத்தத்துக்கு அமுக்கினா, டர்போவுல காத்தை அமுக்குற கம்ப்ரஸர் 70 சதவீத எஃபிஷியன்ஸில ஓடுதுன்னு வச்சுக்கிட்டாலும், டர்போ வாயில வர்ற காத்து 130 டிகிரி பக்கம் நிக்கும். பிளாஸ்டிக் தினமும் இந்தச் சூட்டுல வெந்து ஆறி வெந்து ஆறி, சில வருஷத்துல முறுக்கு மாதிரி ஆயிடும். அதுக்கு மேல அழுத்தம். இந்த 63.5 மில்லிமீட்டர் பைப்போட வாய்ப் பரப்பு கிட்டத்தட்ட 32 சதுர சென்டிமீட்டர். 1 பார்ல அதை 32 கிலோ எடை வெளிய தள்ளுது. இன்ஜின் கம்ப்யூட்டர் செட்டிங்கை மாத்தி, அதாவது டியூன் பண்ணி, 1.5 பார் வச்சா 48 கிலோ, ஏறக்குறைய ரெண்டு அரிசி மூட்டை. ஆக்ஸிலேட்டரை மிதிக்கிறப்போ எல்லாம் தள்ளுது. இந்த எண்ணை ஞாபகம் வச்சுக்கோங்க, கிளாம்ப் மாட்டுறப்போ தேவைப்படும்.

பைப் மூணு பகுதி. ஃபில்டர்ல இருந்து டர்போ வரைக்கும் இழுக்கிற பக்கம், இன்டேக் பைப். டர்போவுல இருந்து இன்டர்கூலர் வரைக்கும் ஹாட் பைப். அங்கிருந்து இன்ஜின் வாசல்ல காத்தைத் திறந்து மூடுற த்ராட்டில் பாடி வரைக்கும் கோல்ட் பைப். எல்லா வண்டியும் இப்படி இல்ல. நம்ம சென்னை மகிந்திரா வேர்ல்ட் சிட்டி பக்கம் அசெம்பிள் ஆகுற பிஎம்டபிள்யூ எம்340ஐ இருக்கே, அதுல தண்ணியில குளிர்ற இன்டர்கூலர், சிலிண்டர்களுக்குக் காத்தைப் பிரிச்சுக் குடுக்குற இன்டேக் மேனிஃபோல்டுக்குள்ளயே இருக்கு. அங்க இவ்வளவு நீளப் பைப் வேலையே கிடையாது. உங்க வண்டி எந்த ரகம்னு பார்த்துட்டு கிட் வாங்குங்க.

இன்டேக் பைப்ல ஒரு பொறி இருக்கு. உள்ள போற காத்தை அளக்குற மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் அந்தப் பைப்லயே உக்காந்திருந்தா, குழாய் விட்டம் மாறினா ரீடிங்கும் மாறும். நிஸ்ஸான் ஜிடி-ஆர் ஆர்35ல ரெண்டு டர்போ, ரெண்டு ஏர்ஃப்ளோ சென்சார், அங்க இது டபுள் தலைவலி. சென்சார் இருக்கிற இடத்துல உள்விட்டம் 70ல இருந்து 76 ஆனா பரப்பு 18 சதவீதம் கூடும். அதே காத்து மெதுவா போகும். சென்சார் சுமார் 15 சதவீதம் கம்மியா சொல்லும், இன்ஜின் கம்ப்யூட்டர் ஈசியூ அதுக்கேத்த பெட்ரோல்தான் ஊத்தும். ஐடில்ல ஈசியூ தானா பெட்ரோலைக் கூட்டிக் குறைச்சு (ஃப்யூல் ட்ரிம்) சமாளிச்சுடும். ஃபுல் த்ராட்டில்ல பெட்ரோல் பத்தாம லீன் ஆகி, தாறுமாறா வெடிச்சு நாக் ஆகி, பிஸ்டன் போயிடும். சென்சார் ஹவுஸிங் அதே விட்டமா இருக்கணும், இல்லன்னா டியூன் பண்ணாம வண்டியை வெளிய எடுக்கக் கூடாது. மேனிஃபோல்டு அழுத்தத்தை அளக்குற மேப் சென்சாரை மட்டும் நம்பி ஓடுற வண்டிக்கு இந்தத் தொல்லை இல்ல.

இப்ப பைப்பைக் கையில எடுங்க. கேமரா கிட்ட வர்றேன், பாருங்க. முனையில சுத்தி ஒரு மேடு தெரியுதா? இதுதான் பீட். நகத்தை வச்சு இழுத்தா தட்டணும். புதுப்பேட்டையிலயோ அம்பத்தூர் பட்டறையிலயோ பைப் வளைச்சு வாங்கினீங்கன்னா, பீட் போட்டிருக்கான்னு முதல்ல பாருங்க. பீட் இல்லாத வழுவழு முனைன்னா, அந்த 48 கிலோவைத் தடுக்க கிளாம்ப்போட பிடி ஒண்ணுதான். ஒருநாள் பூஸ்ட்ல 'டப்'புனு கழண்டுக்கும்.

அடுத்து உள்ள டார்ச் அடிங்க. வெல்டிங் உள்பக்கமா சொட்டி நிக்குதா, கிரைண்டர் தூள் ஒட்டியிருக்கான்னு பாருங்க. பளபளன்னு பாலிஷ் பண்ணின பைப்லதான் அழுக்கு அதிகம். சோப்புத் தண்ணி ஊத்தி, கம்பியில துணி கட்டி இழுங்க, துணி வெள்ளையா வர்ற வரைக்கும். ஹாட் பைப்ல தூள் இருந்தா இன்டர்கூலர்ல போய் நிக்கும். கோல்ட் பைப்னா நேரா இன்ஜின். இன்டேக் பைப்னா கம்ப்ரஸர் வீல்ல அடிக்கும், அது லட்சம் ஆர்பிஎம் தாண்டிச் சுத்துற சக்கரம். வெல்டிங் துளி ஒண்ணு போதும், இறக்கை வளைஞ்சுடும்.

ஆக்ஸிலேட்டரை விட்டதும் மிச்ச பூஸ்ட்டைத் திருப்பி விடுற டைவர்ட்டர் வால்வு உக்கார்ற தட்டு, அதாவது ஃபிளேஞ்ச், பைப்ல இருந்தா இன்னொரு வேலை இருக்கு. வெல்டிங் சூட்டுல ஃபிளேஞ்ச் கோணும். தட்டையான கண்ணாடி மேல 400 நம்பர் வாட்டர் பேப்பரை வச்சு நாலு தேய் தேய்ங்க. கீறல் முழுக்க விழுந்தா மட்டம். ஓரத்துல மட்டும் விழுந்தா, சமமாகுற வரைக்கும் தேய்க்கணும்.

கழட்டுறது சுலபம். இன்ஜின் ஆறியிருக்கணும். சென்சார் சாக்கெட்டை லாக் எடுத்துட்டு இழுங்க, வயரைப் பிடிச்சு இழுக்காதீங்க. கம்பெனி ஜாயின்ட்ல இந்தக் கம்பி கிளிப் இருக்கும், ஸ்க்ரூட்ரைவரால தூக்கினா வந்துடும். உள்ள ஒரு ஸ்பூன் ஆயில் சொட்டினா பயப்படாதீங்க, அது இன்ஜின் அடிப்பகுதி ஆவியைத் திரும்ப இன்டேக்குக்கு அனுப்புற பிசிவி வழியா வர்றது. அரை டம்ளர் கொட்டுச்சுன்னா டர்போ சீலைப் பாருங்க. திறந்த வாய்க்கெல்லாம் துணி சொருகுங்க. எத்தனை துணின்னு எழுதி வைங்க. சிரிக்காதீங்க, மறந்து உள்ளயே விட்ட துணி டர்போவையே முடிச்சுடும்.

மாட்டுறதுல அவசரமே கூடாது. எல்லாத்தையும் தொங்கவிட்டு, லேசா சொருகி, கோணம் சரி பண்ணிட்டு, கடைசியா முறுக்கணும். பைப் முனையையும், ரெண்டு முனையை இணைக்கிற ரப்பர் மாதிரியான சிலிக்கான் கப்ளர் உள்பக்கத்தையும் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்ல துடைச்சுக் காய விடுங்க. சொருக வரலன்னு டபிள்யூடி-40 அடிக்கிற பழக்கம் நிறைய பட்டறையில இருக்கு. அது காயாது, பூஸ்ட்ல கப்ளர் வழுக்கும். வழுக்கணும்னா அதே ஆல்கஹாலைத் தடவிச் சொருகுங்க, தானா ஆவியாயிடும்.

கிளாம்ப் பீட்டுக்குப் பின்னாடி உக்காரணும். பீட் மேல உக்கார்ந்தா தப்பு. கப்ளர் ஓரத்துல இருந்து 3, 4 மில்லிமீட்டர் விட்டு. இந்த டி-போல்ட் கிளாம்ப் சுத்தி ஒரே மாதிரி பிடிக்கும். பட்டையில வெட்டு வெட்டா இருக்கிற சாதா ஸ்க்ரூ கிளாம்ப் சிலிக்கானை அந்த வெட்டு வழியா கடிச்சு அறுத்துடும். எவ்வளவு முறுக்கணும்ங்கிற டார்க் அளவு கிட்டோட வர்ற பேப்பர்ல இருக்கும், ஒற்றை இலக்க நியூட்டன் மீட்டர்தான். கை பலத்தைக் காட்டினா கப்ளர் பிதுங்கும், பைப் வாய் நசுங்கும். கிளாம்ப் எஸ்எஸ் 304ஆ வாங்குங்க, கடல் காத்துக்கு சாதா இரும்பு ரெண்டு மழைக்காலம் கூட தாங்காது. சென்சாருக்குப் புது ஓ-ரிங், லேசா இன்ஜின் ஆயில் தொட்டு. கம்பி கிளிப் ஜாயின்ட்ல 'கிளிக்'னு சத்தம் கேட்டும் போதாது, ரெண்டு கையால பின்னாடி இழுத்துப் பாருங்க.

இன்ஜின் மவுண்ட்ல ஆடும், இன்டர்கூலர் பாடியில நிக்கும். நடுவுல பைப் முழுக்க இரும்புத்தடி மாதிரி இருந்தா இன்டர்கூலர் வாய்தான் விரியும். ரெண்டு பக்கமும் கப்ளர் வளையணும், ஒரே கப்ளருக்குள்ள ரெண்டு பைப் முனையும் முட்டக் கூடாது. ஃபேன் கவர், ரேடியேட்டர் ஹோஸ் ரெண்டுக்கும் 15 மில்லிமீட்டர் இடைவெளி விடுங்க. சந்தேகமான இடத்துல சப்பாத்தி மாவு ஒரு உருண்டை ஒட்டி, ஒருத்தர் பிரேக் மிதிச்சு ஆட்டோமேட்டிக் கியரை டி, ஆர்னு மாத்த, மாவு எவ்வளவு நசுங்குதுன்னு பாருங்க. வீட்ல திட்டு விழும், ஆனா அளவு துல்லியமா கிடைக்கும்.

ஒரு சந்தேகம் அடிக்கடி வரும், அலுமினியம் சூடாகுமேன்னு. ஆகும். ஆனா பூஸ்ட்ல காத்து ஒரு மீட்டர் பைப்பைத் தாண்ட ஒரு செகண்ட்ல முப்பதுல ஒரு பங்குதான் எடுக்கும், சூடு வாங்க நேரமே இல்ல. கத்திப்பாரா டிராஃபிக்ல அரை மணி நேரம் நின்னு கிளம்புற முதல் இழுப்புலதான் கொஞ்சம் தெரியும்.

இப்ப லீக் டெஸ்ட். பாதி பேர் இதைத் தாண்டிடுறாங்க, வேலையில பாதியே இதுதான். ஹார்ட்வேர் கடையில பிவிசி எண்ட் கேப், நடுவுல ஓட்டை போட்டு டயர் வால்வு, அவ்வளவுதான் டெஸ்டர். ஏர்ஃப்ளோ சென்சாரைத் தாண்டி, டர்போவோட இழுக்கிற வாயில கப்ளரும் கிளாம்ப்பும் போட்டு மாட்டுங்க. ஆயில் ஃபில்லர் மூடியைத் திறந்து வைங்க, இல்லன்னா பிசிவி வழியா கிராங்க்கேஸ்ல, அதாவது இன்ஜின் அடிப்பகுதியில, அழுத்தம் ஏறி சீல் பிதுங்கும். ரெகுலேட்டரை 0.3 பார்ல ஆரம்பிச்சு மெதுவா 1 பார் வரைக்கும். கேப்புக்கு நேரா யாரும் நிக்கக் கூடாது, அதுவும் அந்த 32 கிலோ கதைதான். ஒவ்வொரு ஜாயின்ட்லயும் சோப்பு நுரை. இன்ஜினுக்குள்ள லேசா 'உஸ்'னு கேட்டா திறந்திருக்கிற வால்வு வழியா போகுது, அது சகஜம். நுரை கட்டினா ஜாயின்ட்.

புகை விட்டு லீக் தேடுற ஸ்மோக் மெஷின் போதாதான்னு கேப்பீங்க. இழுக்கிற பக்கத்துக்கு அருமை. ஆனா அது ரொம்பக் குறைஞ்ச அழுத்தம். 1 பார்ல மட்டும் வாயைத் திறக்கிற கப்ளர் புகையில மாட்டாது.

ஓட்டிப் பார்க்கிறப்போ ஈசியூ ரீடிங்கை ஃபோன்ல காட்டுற ஓபிடி டாங்கிள் போட்டு, ஈசியூ கேட்ட பூஸ்ட்டும் வந்த பூஸ்ட்டும் ஒட்டிப் போகுதான்னு பாருங்க. வந்தது ரொம்பக் கம்மியா இருந்தா பி0299 கோட் வரும், பூஸ்ட் பத்தலன்னு அர்த்தம். ஏர்ஃப்ளோ சென்சார் வண்டியில கூடவே கரும்புகை, ஏன்னா அளந்த காத்து வழியிலயே ஓடிப்போச்சு. இழுத்துப் பார்க்க இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக் இருக்கு, 3.7 கிலோமீட்டர். ஈசிஆர் (கிழக்குக் கடற்கரைச் சாலை) அதுக்கான இடம் இல்ல.

கிட்டோட பம்பர் அடியில ஃபில்டர் வச்சு ஒரு நீள இன்டேக் குடுத்திருக்காங்க பாருங்க, அதை நான் மாட்டப் போறதில்ல. அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் வேளச்சேரித் தண்ணியில அந்த ஃபில்டர் முங்கினா, இன்ஜின் தண்ணியைக் குடிக்கும், கனெக்டிங் ராடு வளையும். கம்பெனி ஏர்பாக்ஸ் உயரத்துல இருக்கு, அப்படியே இருக்கட்டும்.

இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு மாத்தினதை எழுத்துல தெரியப்படுத்துங்க. வாரண்டி இருக்கிற வண்டின்னா டர்போ பக்கம் கிளெய்ம் வர்றப்போ இந்தப் பைப்பைக் காட்டி இழுத்தடிக்க வாய்ப்பு இருக்கு, அதனால பழைய பைப், கிளிப், ஓ-ரிங் எல்லாத்தையும் ஒரே டப்பாவுல போட்டு வைங்க. 200 கிலோமீட்டர் ஓடினதும் காலையில இன்ஜின் குளிர்ந்திருக்கிறப்போ கிளாம்ப் ஒவ்வொண்ணையும் மறுபடி டார்க் பாருங்க. புது சிலிக்கான் சூட்டுல ஒருதடவை உக்காரும், பெரும்பாலும் கால் சுத்து பிடிக்கும்.