பாயில் ஒட்டிய நூல்

வணக்கம் நேயர்களே. பாய்மரப் படகு பழக வருகிறவர்களுக்கு முதல் நாளே ஒரு வழி சொல்லித் தருவார்கள்: பாய்க்கயிற்றை மெல்லத் தளர்த்துங்கள், மரத்தை ஒட்டிய முன்விளிம்பு படபடக்க ஆரம்பித்ததும், அது அடங்கும் வரை மட்டும் இழுங்கள். நல்ல வழிதான், ஆனால் பாதி வழி. கயிறு தளர்ந்திருந்தால் பாயே படபடத்துக் காட்டிக்கொடுக்கும், அளவுக்கு மீறி இழுத்திருந்தால்? ஒரு சத்தமும் வராது. பாய் சுருக்கமில்லாமல் விறைப்பாக, பார்க்க அழகாகவே நிற்கும். படகு மட்டும் சாய்ந்துகொண்டு, பக்கவாட்டில் நழுவி, மந்தமாகப் போகும். புதியவர்கள் பலர் இப்படித்தான் ஓட்டுகிறார்கள்.

இதைக் கண்டுபிடிக்கத்தான் டெல்டேல். பெரிய கருவி எல்லாம் இல்லை, ஒரு சாண் நீளத்துக்குக் கம்பளி நூலோ நைலான் துணிக் கீற்றோ, பாயின் இரண்டு பக்கமும் ஒட்டியிருப்பது. விமான இறக்கையில் காற்று எப்படி ஓடுகிறது என்று பார்க்க ஆய்வாளர்கள் நூல் ஒட்டுவார்கள், அதே வேலைதான் இங்கேயும். விமானத் துறைக்காரரான ஆர்வெல் ஜென்ட்ரி என்ற அமெரிக்கர் 1970களில் பாயின் காற்றோட்டத்தைப் பற்றி நிறைய எழுதினார். முன்விளிம்பிலிருந்து வரிசையாகக் குட்டி நூல்கள் ஒட்டிப் பார்க்கும் முறை இன்றும் அவர் பெயரில்தான் வழங்குகிறது.

காற்றை எதிர்த்துப் போகும்போது இரண்டு நூலும் பின்னோக்கி நேராக ஓடினால் பாய் சரியாக இருக்கிறது. காற்று வரும் பக்கத்து நூல் துள்ளினால் கயிற்றை இழுக்க வேண்டும், இல்லையென்றால் படகின் முனையைக் காற்றிலிருந்து விலக்க வேண்டும். மறுபக்கத்து நூல் சுழன்றாலோ தொங்கினாலோ, அந்தப் பக்கம் காற்று பாயை விட்டுப் பிரிந்துவிட்டது, இழுப்பு விசை போய்விட்டது என்று அர்த்தம். உடனே கயிற்றைத் தளர்த்துங்கள், அல்லது காற்றை நோக்கித் திருப்புங்கள். என்னைக் கேட்டால் கண் அதிகம் இருக்க வேண்டியது இந்த மறுபக்கத்து நூலில்தான், ஏனென்றால் அது சொல்வதைப் பாய் சொல்லாது. காற்று பலமாக அடிக்கும்போது காற்றுப் பக்கத்து நூல் கொஞ்சம் எழும்பினால் பரவாயில்லை, படகை நிமிர்த்த வேண்டுமென்றே அப்படி ஓட்டுவார்கள்.

கயிறா, சுக்கானா என்ற குழப்பம் எல்லோருக்கும் வரும். ஒரு மிதவையைக் குறிவைத்துப் பக்கக் காற்றில் போகிறீர்கள் என்றால் திசை மாறக்கூடாது, அதனால் கயிறு. காற்றை எதிர்த்து ஏறும்போது பாயை இழுத்து வைத்துவிட்டு, நூலைப் பார்த்துச் சுக்கானைத் திருப்புவது. அப்போது எந்த நூல் ஆடுகிறதோ அந்தப் பக்கமாகச் சுக்கான் பிடியைத் தள்ளினால் போதும், யோசிக்கவே வேண்டாம்.

எங்கே ஒட்டுவது? முன்பாய் உள்ள படகில் அதன் முன்விளிம்புக்கு ஒரு சாண் பின்னால், மேலே, நடுவே, கீழே என்று மூன்று ஜோடி. காற்றுப் பக்கத்தில் மேல் நூல் முதலில் துள்ளினால் பாயின் உச்சி அதிகமாகத் திருகித் திறந்திருக்கிறது, கயிறு வரும் வளையத்தை முன்னால் நகர்த்துங்கள். சென்னையின் நேத்ரா குமணன் டோக்கியோவிலும் பாரிஸ் ஒலிம்பிக்கிலும் போட்டியிட்ட படகு வகைக்கு முன்பாயே கிடையாது, ஒற்றைப் பாய்தான். அதில் மரத்துக்கு நேர் பின்னால் ஒட்டினால் வீண், மரமே காற்றைக் கலக்கிவிடும். ஒன்றரை அடி போலத் தள்ளி ஒட்டுங்கள்.

பின்காற்றில் நேராக ஓடும்போது நூலை மறந்துவிடலாம், அங்கே பாய் காற்றைத் தடுத்து நிற்கிறது, அவ்வளவுதான். அப்புறம், கம்பளி மலிவுதான், ஆனால் நனைந்தால் பாயோடு ஒட்டிக்கொள்ளும், தையலில் போய் மாட்டும். தையலுக்கு எட்டாத இடமாகப் பார்த்து ஒட்டுங்கள், அடர்ந்த நிறமாக எடுத்தால் மறுபக்கத்து நூலும் பாயின் ஊடே நிழலாகத் தெரியும்.