சம்பளத்துக்காகச் சேர்வதில் என்ன தவறு?

நடுவர் அவர்களே, அவையோர்களே, வணக்கம். பொறியியலில் சேரும் பிள்ளையை உந்த வேண்டியது ஆர்வமா, ஊதியமா என்பது கேள்வி. ஊதியமே என்பது எங்கள் அணி.

பைக் மேல் உயிரையே வைத்திருப்பவன் ஆட்டோமொபைல் எடுத்தால் ஜெயிப்பான் என்றார் எதிரணித் தோழர். ஐயா, அந்தப் பையன் பைக்கைப் பிரிப்பதற்கு முன்னால் வெப்பமும் ஆற்றலும் பற்றிய தெர்மோடைனமிக்ஸ் பாடத்தைத் தாண்ட வேண்டும். அதற்கும் முன்னால் முதலாண்டுக் கணக்கு, பொருள்களைப் படமாக வரையும் என்ஜினியரிங் கிராஃபிக்ஸ். அதில் முதற்கோண முறை என்றொரு வரைமுறை; அதன்படி மேல்தோற்றம் முன்தோற்றத்துக்குக் கீழே வரும். அதை மேலே வரைந்துவிட்டால் மதிப்பெண் போச்சு. பிளஸ் டூ கணக்கில் தொகையீட்டை (இன்டகிரேஷன்) மனப்பாடம் செய்து வந்தவனுக்கு முதலாண்டுக் கணக்கில் அரியர் விழுகிறது. பைக் ஆசை அதைத் தடுக்குமா? 200-க்கான கட்-ஆஃபில் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. இதில் பொறியியல் ஆர்வத்தை எங்கே அளந்தோம்? பதினேழு வயதில் கண்ணாலும் பார்க்காத வேலைமேல் காதல் வர வேண்டும் என்பது அநியாயம்!

ஊதியத்தை அளக்கலாம். ஆண்டுக்கு 1 லட்சம் வீதம் நான்காண்டு கல்விக்கடன், 10 சதவீத வட்டி. படிப்போடு, தவணை கட்ட வேண்டாத ஓராண்டு சலுகைக் காலமும் முடியும்போது தனிவட்டியே 1.4 லட்சம். 5.4 லட்சத்தை 84 மாதத்தில் அடைக்க மாதத் தவணை ஏறத்தாழ 8,965 ரூபாய். படிக்கும்போதும் சலுகைக் காலத்திலும் வட்டியை மட்டும் கட்டி வந்தால் 6,640. முதல் பட்டதாரிப் பிள்ளைக்கு இந்தக் கணக்குதான் விடியற்காலையில் எழுப்பிவிடும். பல நிறுவனங்கள் பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, பட்டம் மூன்றிலும் 60 சதவீதம் கேட்கின்றன, நிலுவை அரியரும் கூடாது. அதனால் வளாகத் தேர்வு தொடங்குமுன் அவன் அரியரை முடிக்கிறான்.

சம்பளம் என்றால் எல்லோரும் கம்ப்யூட்டர் சயன்ஸுக்கே ஓடுவார்களே என்கிறார்கள். ஓடுகிறார்கள், உண்மை. சம்பளத்தை அரைகுறையாக விசாரித்ததன் விளைவு அது. விளம்பரப் பலகையிலுள்ள உச்சச் சம்பளம் ஒருவருக்குக் கிடைத்தது. ஆண்டுக்கு 3.5 லட்சம் என்பதைப் பன்னிரண்டால் வகுத்தால் 29,166 வரும். அதற்குள் நிறுவனம் கட்டும் பி.எஃப்., பணிக்கொடை, செயல்திறனைப் பொறுத்து மாறும் ஊதியம் எல்லாம் அடங்கியிருக்கலாம். கையில் வருவது எவ்வளவு என்று கேளுங்கள். ஒன்றிய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைக்குக் கல்லூரிகள் தரும் விவரத்தில் வேலை பெற்றோர் எண்ணிக்கையும் இடைநிலைச் சம்பளமும், அதாவது வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பவரின் சம்பளமும், இருக்கின்றன. கவுன்சிலிங்கில் விருப்பப் பட்டியல் பதியுமுன் அந்த இரண்டு எண்களையும் பார்க்கச் சொல்லுங்கள், நடுவர் அவர்களே. நன்றி.