சாமிக்குப் பயம் வருமா?

நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

எங்கள் ஊர்க் கோயிலில் பெரிய வியாழன் இரவு ஆராதனையின்போது விளக்குகளைக் குறைத்துவிட்டு, சிலுவைக்கு முந்தின இரவில் இயேசு கலங்கி ஜெபித்த கெத்செமனே தோட்டத்துப் பகுதியை வாசிப்பார்கள். எனக்கு அப்போது ஒன்பது வயது இருக்கும். "என் ஆத்துமா மரணத்துக்கேதுவான துக்கங்கொண்டிருக்கிறது" என்று உபதேசியார் வாசித்ததும் எனக்குக் குழப்பமாகிவிட்டது. பக்கத்தில் இருந்த ஆச்சியின் சேலை நுனியை இழுத்து, "ஆச்சி, சாமிக்குப் பயம் வருமா?" என்று கேட்டேன். ஆச்சி தலையைத் திருப்பாமலே, "அவருக்கு எங்கே பயம்? நமக்குப் பாடம் சொல்லித் தருவதற்காக அப்படிச் செய்து காட்டுகிறார். சும்மா இரு" என்றாள்.

பல ஆண்டுகள் அந்தப் பதில் எனக்குப் போதுமானதாக இருந்தது. பிறகு திருச்சபை வரலாற்றைப் படிக்க உட்கார்ந்தபோதுதான் என் கேள்வி எவ்வளவு பழையது என்று தெரிந்தது. அதற்காகப் பேராயர்களின் மாமன்றங்கள் கூடியிருக்கின்றன, பேரரசர்கள் ஆணை பிறப்பித்திருக்கிறார்கள். "ஆம், அவர் உண்மையாகவே கலங்கினார், மனித மனத்தோடும் மனித விருப்பத்தோடும் கலங்கினார்" என்று சொன்ன ஒரு முதியவர் தம் நாவையும் வலது கையையும் இழந்திருக்கிறார். அந்த முதியவரிடம் உங்களை அழைத்துச் செல்லவே இன்று வந்திருக்கிறேன். வழியில் சில இடங்களில் நிற்க வேண்டியிருக்கும்.

முதல் நிறுத்தம் எகிப்தின் அலெக்சாந்திரியா. அரியுஸ் என்ற குருவானவர் அங்கே ஏறக்குறைய 318-ஆம் ஆண்டில் ஒரு விவாதத்தைக் கிளப்பினார். கடவுள் ஒருவரே, அவர் பிறவாதவர். குமாரனாகிய கிறிஸ்துவோ பிறந்தவர், ஆகவே அவர் இல்லாதிருந்த ஒரு நிலை உண்டு என்பது அவர் வாதம். படைப்புகளிலேயே முதன்மையானவர், ஆனாலும் படைப்புதான். தம் கருத்தை மாலுமிகளும் மாவரைக்கும் தொழிலாளர்களும் பாடும்படி பாட்டாகவும் எழுதிக் கொடுத்தார். 325-இல் பேரரசர் கான்ஸ்டன்டைன் கூட்டிய நிசேயா மாமன்றம் அதை மறுத்தது. நிசேயா இன்று துருக்கியில் இஸ்னிக் என்ற சிற்றூர். 'தந்தையோடு ஒரே பொருளானவர்' என்று நம்மில் பலர் ஞாயிறுதோறும் அறிக்கையிடுகிறோமே, அந்தச் சொல் அங்கேதான் விசுவாச அறிக்கைக்குள் வந்தது. அது வேதாகமத்தில் இல்லாத சொல் என்று அன்றே சண்டை வந்தது. அந்தச் சொல்லுக்காக வாதாடிய அத்தனாசியுஸ் ஐந்து முறை நாடுகடத்தப்பட்டார்.

அந்தக் காலத்துத் தலைநகரான கான்ஸ்டான்டிநோபிளைப் பற்றி நிசா நகரப் பேராயர் கிரகோரியார் ஒரு மறையுரையில் சொல்லியிருப்பது எனக்கு மிகவும் பிடிக்கும். சில்லறை கேட்டால் 'பிறந்தவர், பிறவாதவர்' என்று தத்துவம் பேசுகிறார்கள். ரொட்டி என்ன விலை என்று கேட்டால் 'பிதா பெரியவர், குமாரன் சிறியவர்' என்று பதில் வருகிறது. குளிக்கத் தண்ணீர் தயாரா என்றால் 'குமாரன் இல்லாமையிலிருந்து உண்டானவர்' என்கிறார்கள். அவர் சலித்துக்கொண்டுதான் இதைச் சொன்னார். ஆனால் எனக்கு அந்த ரொட்டிக்கடைக்காரர் மீது மரியாதை உண்டு. கடவுளே தன்னிடம் வந்தாரா, அல்லது கடவுள் வேறு யாரையோ அனுப்பினாரா என்ற கேள்வி தன் வாழ்க்கையைத் தொடுகிறது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

இதுவரை சொன்ன கதை பலருக்கும் தெரிந்ததே. நான் பேச வந்தது இதன் மறுபக்கத்தை. கிறிஸ்துவின் தெய்வத்தன்மையை மறுத்தவர்களால் வந்த ஆபத்தை நாம் நன்றாக அறிவோம். அதைக் காக்கப் புறப்பட்ட பக்திமான்களாலேயே வந்த ஆபத்தை அவ்வளவாக அறிவதில்லை.

சிரியாவில் லவோதிக்கேயா என்று ஒரு நகரம், இன்றைய லத்தாக்கியா. அதன் பேராயர் அப்பொலினாரிஸ் மகா அறிவாளி. அத்தனாசியுஸின் நண்பர், நிசேயாவின் உறுதியான ஆதரவாளர். கிறிஸ்தவர்கள் பழைய கிரேக்க இலக்கியத்தைக் கற்பிக்கக் கூடாது என்று ஜூலியன் பேரரசர் 362-இல் தடை விதித்தபோது, இவரும் இதே பெயர் கொண்ட இவருடைய தந்தையும் வேதாகமக் கதைகளையே கிரேக்கச் செய்யுள் வடிவங்களில் இயற்றிப் பிள்ளைகள் கையில் கொடுத்தார்கள். அத்தகைய மனிதர்தான் ஓர் இடத்தில் சறுக்கினார்.

அவர் நினைத்தது இது. மனித மனம் நிலையற்றது. தீய எண்ணங்களுக்கு எளிதில் அடிமையாவது. அப்படிப்பட்ட மனம் கிறிஸ்துவுக்குள் இருந்தால் அவர் எப்படிப் பாவமில்லாதவராக இருக்க முடியும்? மேலும், முழுமையான கடவுளும் முழுமையான மனிதனும் சேர்ந்தால் எப்படி ஒருவராவார்கள்? ஆகவே கிறிஸ்துவுக்கு மனித உடல் உண்டு, உயிர் உண்டு; ஆனால் மனித மனம் இருக்க வேண்டிய இடத்தில் குமாரனாகிய தேவ வார்த்தையே அமர்ந்திருக்கிறது. கேட்கும்போது எவ்வளவு பக்தியாக இருக்கிறது, பாருங்கள்! என் ஆச்சி கேட்டிருந்தால் தலையை ஆட்டியிருப்பாள். பல நாள் நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன், அதற்கு அப்பொலினாரிஸின் பெயர் உண்டு என்று தெரியாமலே.

இதற்கு மறுமொழி சொன்னவர் நாசியான்சு கிரகோரியார், கப்பதோக்கியா நாட்டுக்காரர். 379-இல் அவர் தலைநகருக்கு வந்தபோது பெரிய கோயில்கள் எல்லாம் அரியுஸ் சார்பினர் கையில் இருந்தன. ஒரு வீட்டையே கோயிலாக்கி, அங்கே நின்று மூவொரு கடவுளைப் பற்றிப் பேசினார். வாழ்க்கையிலும் ஊழியத்திலும் நிறைய வேதனைப்பட்டவர். 381-இல் நடந்த மாமன்றத்தில் சிறிது காலம் தலைமை வகித்துவிட்டு, சச்சரவு தாங்காமல் விலகிப்போனார். அதன் பிறகு கிளெதோனியுஸ் என்ற குருவானவருக்கு அவர் எழுதிய கடிதத்தில் ஒரு வரி இருக்கிறது: எது ஏற்கப்படவில்லையோ அது குணப்படவில்லை.

குமாரன் தம்மோடு எதைச் சேர்த்துக்கொள்ளவில்லையோ அது நோயாகவே கிடக்கிறது என்று பொருள். கிரகோரியார் அதோடு விடவில்லை. ஆதாம் பாதியாக விழுந்திருந்தால் பாதியை மட்டும் ஏற்றுக்கொண்டால் போதும். ஆனால் கட்டளையைப் பெற்றது எது? மனம். அதை மீறியது எது? அதே மனம். அப்படியானால் மருத்துவர் முதலில் தொட வேண்டிய இடமே அதுதானே! அப்பொலினாரிஸோ, அசுத்தமானது என்று சொல்லி அந்த இடத்தை மட்டும் தொடாமல் வரும் மருத்துவரை நமக்குத் தருகிறார்.

இந்த வரியை நான் ஏட்டில் மட்டும் படிக்கவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் அறுவை சிகிச்சைக்குக் காத்திருந்த ஒரு தாயாரைப் பார்க்கப் போயிருந்தேன். அவர் அழுததற்குக் காரணம் நோய் அல்ல. "ஐயா, எனக்குப் பயமாக இருக்கிறது. என் விசுவாசம் போய்விட்டது. இயேசு பயந்தாரா?" என்றார். ஒன்பது வயதில் நான் கேட்ட அதே கேள்வி. எபிரெயர் நிருபத்தைத் திறந்து, "எல்லாவிதத்திலும் நம்மைப்போல் சோதிக்கப்பட்டும், பாவமில்லாதவராயிருக்கிற பிரதான ஆசாரியரே நமக்கிருக்கிறார்" என்ற வசனத்தை வாசித்தேன். 'எல்லாவிதத்திலும்' என்ற சொல்லை இரண்டு முறை வாசித்தேன். "அம்மா, அவர் பயந்தார், உண்மையாகவே பயந்தார்" என்றேன். ஆச்சியின் பதிலை அன்று நான் சொல்லியிருந்தால், பயப்படுகிறவர்களின் பக்கத்தில் இயேசு இல்லை என்றல்லவா அந்தத் தாயாருக்குப் பொருள்பட்டிருக்கும்!

அடுத்து 451, கால்சிடோன் மாமன்றம். கிறிஸ்து ஒருவரே, தேவ இயல்பு, மனித இயல்பு என இரு இயல்புகளில் இருப்பவர். அவை கலப்பதும் இல்லை, மாறுவதும் இல்லை, பிரிவதும் இல்லை, விலகுவதும் இல்லை என்று அது அறிக்கையிட்டது. எகிப்து, சிரியா, ஆர்மேனியா திருச்சபைகளால் அந்தச் சொற்களை ஏற்க முடியவில்லை. பிளவு இன்றுவரை இருக்கிறது. நமக்குப் பக்கத்திலேயே, கேரளத்தில், சிரியா மரபைச் சேர்ந்த ஆர்த்தடாக்ஸ் சபையார் கால்சிடோனை ஏற்காதவர்கள்தான். அதனால் அவர்களுடைய கிறிஸ்து மனிதத்தன்மை குறைந்தவர் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. 1984-இல் போப் இரண்டாம் யோவான் பவுலும் சிரியா ஆர்த்தடாக்ஸ் சபையின் முதுபெரும் தந்தை சாக்கா முதலாம் இவாஸும் கூட்டாகக் கையெழுத்திட்ட அறிக்கை, பழைய பிரிவினைகள் விசுவாசத்தின் சாரத்தைத் தொடவில்லை, சொற்களிலும் பண்பாட்டிலும் இருந்த வேறுபாடுகளால் எழுந்தவை என்று சொல்கிறது. அதற்கு ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது என்று நினைக்கும்போது நெஞ்சு கனக்கிறது.

இனி அந்த முதியவரிடம் வருவோம். அவர் பெயர் மாக்சிமுஸ்.

ஏழாம் நூற்றாண்டு. பாரசீகர்களிடமிருந்து சிரியாவையும் எருசலேமையும் மீட்ட பேரரசர் ஹெராக்ளியுஸுக்கு, கால்சிடோனால் பிளவுபட்ட மக்களை ஒன்றுசேர்க்க வேண்டும் என்ற கவலை. ஒரு சமரசம் கண்டுபிடிக்கப்பட்டது. கிறிஸ்துவுக்கு இரு இயல்புகள் இருக்கட்டும், சித்தம் மட்டும் ஒன்றே என்று சொல்லிவிடலாம். 638-இல் அது அரசாணையாகவே வந்தது. அதை ஏற்காதவர் துறவியான மாக்சிமுஸ்.

645-ஆம் ஆண்டு ஜூலை மாதம், வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரில், தலைநகரின் முன்னாள் முதுபெரும் தந்தை பிர்ருஸும் இவரும் ஆளுநர் முன்னிலையில் விவாதித்தார்கள். பிர்ருஸின் வாதம் எளிமையானது: கிறிஸ்து ஒருவர் என்றால் விரும்புகிறவர் ஒருவர், விரும்புகிறவர் ஒருவர் என்றால் விருப்பமும் ஒன்று. சித்தம் ஆளுக்கு உரியது என்கிறார்.

மாக்சிமுஸ் உடனே அவரைத் திரித்துவத்திடம் அழைத்துப் போகிறார். சித்தம் ஆளுக்கு ஆள் வேறு என்றால், பிதா, குமாரன், தூய ஆவி என்ற மூவருக்கும் மூன்று சித்தங்கள் இருக்க வேண்டும். அப்படியானால் மூன்று தெய்வங்கள் வந்துவிடும். அவர்களுக்குச் சித்தம் ஒன்றே, அதனால் ஆளும் ஒருவரே என்றால் திரித்துவமே இல்லாமல் போகும். மூவருக்கும் ஒரே சித்தம் என்று நாம் எல்லோரும் ஏற்கிறோம். ஏன்? அவர்களுக்கு இயல்பு ஒன்று என்பதால். ஆகவே சித்தம் இயல்புக்கு உரியது. கிறிஸ்துவிடம் தேவ இயல்பும் மனித இயல்பும் இருக்கின்றன என்றால், தேவ சித்தமும் மனித சித்தமும் இருந்தே தீர வேண்டும்.

திரித்துவம் என்றால் ஒன்றும் மூன்றும் பற்றிய கணக்குப் புதிர் என்று நினைப்பவர்களுக்கு இந்த விவாதத்தைத்தான் நான் சுட்டிக்காட்டுவது வழக்கம். நிசேயாவில் தொடங்கிய அந்தக் கோட்பாடு, முந்நூறு ஆண்டுகள் கழித்து, நாசரேத்தூர்த் தச்சரின் மனித விருப்பத்தைக் காப்பாற்ற வந்து நின்றது.

பிறகு மாக்சிமுஸ் கெத்செமனேயை வாசிக்கிறார். "இந்தப் பாத்திரம் என்னைவிட்டு நீங்கும்படி செய்யும்." சாவைக் கண்டு பின்வாங்குவது பாவமா? இல்லை, உயிரோடிருக்க விரும்பும் இயல்பைப் படைத்தவரே நமக்குள் வைத்திருக்கிறார். அந்த விருப்பம்தான் அங்கே நடுங்குகிறது. "என்னுடைய சித்தத்தின்படியல்ல, உம்முடைய சித்தத்தின்படியே ஆகக்கடவது." இங்கேதான் அவர் பார்வையின் கூர்மை. தேவ சித்தம் வந்து மனித சித்தத்தை அமுக்கிவிட்டது என்று அவர் வாசிக்கவில்லை. அந்த இரண்டாவது வாக்கியத்தைச் சொல்வதும் அதே மனித சித்தம்தான் என்கிறார். நடுங்கிய விருப்பமே நிமிர்ந்து, "ஆகட்டும்" என்று தானாகச் சொல்கிறது. ஆதாம் சொல்ல மறுத்ததை ஒரு மனிதன் சொல்லிவிட்டான்.

நம் தமிழ் வேதாகமம் இங்கே கையாளும் 'சித்தம்' என்ற சொல்லையும் கவனியுங்கள். நமக்குச் சித்தம் என்றால் மனம். சித்தம் என்றால் விருப்பமும்தான். சித்தம் கலங்கியது என்கிறோம், உமது சித்தம் என்றும் சொல்கிறோம். அப்பொலினாரிஸ் கிறிஸ்துவிடமிருந்து எடுத்த மனமும், பிர்ருஸ் எடுக்க நினைத்த விருப்பமும் இந்த ஒரு சொல்லுக்குள்ளேயே இருக்கின்றன. கலங்கியதும் அதுவே, கீழ்ப்படிந்ததும் அதுவே.

விவாதத்தின் முடிவில் பிர்ருஸ் ஒப்புக்கொண்டார், பின்னர் மீண்டும் மாறினார். 648-இல் பேரரசர் இரண்டாம் கான்ஸ்டான்ஸ், சித்தம் ஒன்றா இரண்டா என்று இனி யாருமே பேசக் கூடாது என ஆணையிட்டார். அடுத்த ஆண்டு ரோமில் போப் மார்ட்டின் தலைமையில் கூடிய மன்றம் இரண்டு சித்தங்கள் என்று துணிந்து அறிக்கையிட்டது. மாக்சிமுஸும் அதற்குத் துணைநின்றார். மார்ட்டின் கைதுசெய்யப்பட்டு, கருங்கடல் கரைக்கு நாடுகடத்தப்பட்டு, 655-இல் இறந்தார். மாக்சிமுஸையும் விசாரணைக்குக் கொண்டுவந்தார்கள். எல்லோரும் ஏற்றுக்கொண்ட பின் நீ ஒருவன்தான் இரட்சிக்கப்படுவாயோ என்று கேட்டார்கள். நான் யாரையும் ஆக்கினைக்குள்ளாகத் தீர்க்கவில்லை, என் மனச்சாட்சி என்னைக் குற்றவாளியாக்குவதைவிடச் சாவதே மேல் என்ற பொருளில் அவர் பதில் சொன்னார். முதலில் திரேசியாவுக்கு நாடுகடத்தினார்கள். 662-இல் மறுபடி அழைத்து, இரு சித்தங்களைப் பற்றிப் பேசிய நாவையும் எழுதிய வலது கையையும் வெட்டி, இன்றைய ஜார்ஜியா நாட்டுப் பகுதிக்கு அனுப்பினார்கள். வயது எண்பதைத் தாண்டிய அவர் அதே ஆண்டு ஆகஸ்ட் 13 அன்று அங்கே இறந்தார்.

680-இல் தொடங்கி 681-இல் முடிந்த ஆறாவது பொது மாமன்றம் அதே கான்ஸ்டான்டிநோபிளில் கூடியது. கிறிஸ்துவுக்கு இரு சித்தங்கள் உண்டு, மனித சித்தம் தேவ சித்தத்தோடு போராடாமல் அதற்கு இணங்கி நடக்கிறது என்று அறிக்கையிட்டது. மாக்சிமுஸ் சொன்னது அதைத்தான். அறிக்கையில் அவர் பெயர் இல்லை.

பெரிய வியாழன் இரவில் இப்போதும் விளக்குகளைக் குறைத்து அந்தப் பகுதியை வாசிக்கிறார்கள். ஆச்சி இல்லை. போன ஆண்டு என் பேத்தி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். "பயந்துட்டாரா தாத்தா?" என்று கேட்டாள். "ஆமாம் கண்ணு" என்றேன்.

நன்றி, வணக்கம்.