கப்பல் தளத்தில் பிறந்த சொற்கள்

வணக்கம் நேயர்களே. ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பது என் வேலை. அண்மையில் வகுப்பில் ஒரு மாணவி, 'டு த பிட்டர் எண்ட்' என்ற தொடருக்குக் 'கசப்பான முடிவுவரை' என்று பொருள் எழுதியிருந்தாள். அதை அடித்துவிட எனக்கு மனம் வரவில்லை. பிட்டர் என்றால் கசப்பு என்று சொல்லிக்கொடுத்ததே நாம்தானே? கரும்பலகையில் ஒரு பாய்மரக் கப்பலை வரைந்தேன்.

அந்தக் காலக் கப்பல்களின் முன்தளத்தில் இரண்டு பருத்த மரக்கட்டைகள் முளை அடித்தாற்போல நிற்கும். அவற்றுக்கு 'பிட்ஸ்' என்று பெயர். நங்கூர வடத்தை அவற்றில் சுற்றியிருப்பார்கள். அந்தச் சுற்றுதான் 'பிட்டர்'. நங்கூரத்தை இறக்கினால் வடம் சரசரவென்று ஓடும். கடல் ஆழமாக இருந்தால் விடவிட உள்ளே போய்க்கொண்டே இருக்கும். கப்பலுக்குள் தங்கிய கடைசி முனைதான் 'பிட்டர் எண்ட்'. அதற்குமேல் விடுவதற்கு வடம் கிடையாது. 1627இல் கேப்டன் ஜான் ஸ்மித் கடலோடிகளுக்காக எழுதிய நூலிலேயே இந்த விளக்கம் இருக்கிறது. கடைசிவரை விடாமல் நிற்பது என்ற பொருள் இதில் அப்படியே பொருந்துகிறது.

ஆனால் கசப்புக்கும் இதில் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன். பைபிளில் நீதிமொழிகள் ஐந்தாம் அதிகாரத்தில், ஒருத்தியின் முடிவு எட்டியைப்போலக் கசக்கும் என்று வரும். தேவாலயத்தில் அதைக் கேட்டுப் பழகிய காதுக்கு, மாலுமியின் சொல்லும் கசந்திருக்கும். அதனால் அந்த மாணவிக்குப் பாதி மதிப்பெண் கொடுத்தேன்.

'டேக்கன் அபேக்' என்கிறார்களே, திகைத்துப்போவது, அதுவும் கப்பல் பேச்சுதான். பாய் நிறையக் காற்று வாங்கிக்கொண்டு கப்பல் போகிறது. திடீரென்று காற்று திசைமாறி எதிர்முகமாக அடிக்கிறது. பாய் பின்பக்கமாக மடங்கிப் பாய்மரத்தோடு ஒட்டிக்கொள்கிறது. ஓடிய கப்பல் அப்படியே நின்றுவிடும், பின்னுக்கும் போகும். எதிர்பாராத சொல்லைக் கேட்டு வாயடைத்து நிற்பவரின் முகத்தை நினைத்துப் பாருங்கள்.

'பை அண்ட் லார்ஜ்' என்பதும் காற்றை வைத்து வந்ததே. காற்றை எதிர்த்தும், காற்றோடு சேர்ந்தும், இரண்டு விதமாகவும் ஓடும் கப்பல் என்பதிலிருந்து 'பொதுவாகப் பார்த்தால்' என்ற பொருள் வந்தது.

ஆடம்பரமானது என்று பொருள்படும் 'பாஷ்' என்ற சொல்லைப் பற்றிய கதையை மட்டும் நம்பாதீர்கள். வெள்ளைக்காரர்கள் கப்பலில் இந்தியாவுக்கு வரும்போது இடப்பக்க அறை, ஊர் திரும்பும்போது வலப்பக்க அறை என்று நிழல் பார்த்து எடுத்தார்களாம். 'போர்ட் அவுட், ஸ்டார்போர்ட் ஹோம்' என்பதன் முதலெழுத்துகளாகப் பயணச்சீட்டில் பதித்த P, O, S, H என்ற நாலு எழுத்து சொல்லானதாம். அப்படி அச்சிட்ட ஒரு சீட்டுகூட இதுவரை கிடைக்கவில்லை.

கடைசியாக, 'த்ரீ ஷீட்ஸ் இன் த விண்ட்'. நிறைகுடிபோதை. ஷீட் என்றதும் போர்வை, பாய் என்றே பிள்ளைகள் எழுதுவார்கள். அது பாயின் கீழ்முனையை இழுத்துப் பிடிக்கும் கயிறு. மூன்று கயிறும் அவிழ்ந்துவிட்டால் பாய்கள் படபடத்துக் கப்பல் தள்ளாடும். இதை நான் சொல்லி முடிப்பதற்குள் அதே மாணவி எழுந்தாள். அவள் தாத்தா படகில் பாய் கட்டிக் கடல்தொழிலுக்குப் போனவர்.

"சார், அது தாமான். காத்து ஏறினா தாமானை இளக்கணும்னு தாத்தா சொல்லுவாங்க" என்றாள்.

கரும்பலகையில் 'ஷீட்' என்று எழுதியிருந்ததற்குக் கீழே, 'தாமான்' என்று அவளையே எழுதச் சொன்னேன். வணக்கம்.