மத்தி மீனும் உருளைக்கிழங்கும்

நேயர்களுக்கு வணக்கம்.

1997 ஜனவரி 14, காலை நேரம். வடகேரளத்தில் வடகரை என்ற ஊர்க் கடற்கரை. 11 படகுகள் நிறைய மத்தி மீனோடு வந்து நிற்கின்றன, வாங்க ஆள் இல்லை. கரைக்கு வந்திருந்த வியாபாரிகளுக்குத் தேவையான மீன் ஏற்கெனவே கிடைத்துவிட்டது. வைத்திருந்தால் அழுகிப்போகும். இன்னொரு கரைக்குப் போகலாம் என்றால் டீசல் செலவு. அங்கேயும் விலை போகுமா என்று யாருக்குத் தெரியும்? பிடித்ததை அப்படியே கொட்டிவிட்டார்கள். அதே காலையில், 15 கிலோமீட்டர் சுற்றளவுக்குள் 27 வியாபாரிகள் மீன் கிடைக்காமல் கிளம்பிக்கொண்டிருந்தார்கள்.

இதைப் பதிவு செய்தவர் ராபர்ட் ஜென்சன் என்ற பொருளாதார ஆய்வாளர். அந்தச் சமயத்தில்தான் காசர்கோடு, கண்ணூர், கோழிக்கோடு மாவட்டங்களுக்குச் செல்போன் ஒவ்வொரு பகுதியாக வந்தது. கரையோரம் கோபுரம் வந்ததும் கடலுக்குள்ளும் சிக்னல் கிடைத்தது. படகில் இருந்தபடியே நாலு கரைக்குப் போன் போட்டு, எங்கே விலை நன்றாக இருக்கிறதோ அங்கே படகைத் திருப்பினார்கள். அதுவரை பிடித்த மீனில் 100க்கு 5 முதல் 8 பங்கு வரை வீணாகிக்கொண்டிருந்தது. அது நின்றே போனது. மீனவர் லாபம் சுமார் 8 சதவீதம் கூடியது, வாங்குகிறவர்களுக்கு விலை 4 சதவீதம் குறைந்தது. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் லாபம் பார்ப்பது சந்தையில் அபூர்வம். 2007இல் இந்த ஆய்வு வெளிவந்தபோது பலரும் உற்சாகப்பட்டதில் வியப்பில்லை.

சரி, மீனுக்குப் பலித்தது காய்கறிக்கும் பலிக்கும்தானே? விவசாயிக்கு விலையைச் சொல்லிவிட்டால் போதுமே?

மகாராஷ்டிரத்தில் 100 கிராமங்களை வைத்துச் சோதித்தார்கள். விலை நிலவரம், வானிலை எல்லாம் விவசாயிகளின் போனுக்குக் குறுஞ்செய்தியாகப் போயின. செய்தி வந்தவருக்கும் வராதவருக்கும் கிடைத்த விலையில், சராசரியாகப் பார்த்தால், சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசமே இல்லை. மேற்கு வங்கத்தில் உருளைக்கிழங்கு விவசாயிகளிடம் நடத்திய ஆய்விலும் இதே கதை. மொத்தச் சந்தை விலையைத் தினமும் தெரியப்படுத்தினார்கள். வயலில் கிடைத்த சராசரி விலை ஏறவில்லை.

ஏன் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. வங்கத்து விவசாயி மொத்தச் சந்தையில் நேரடியாகப் போய் விற்க வழியில்லை. ஊரிலுள்ள தரகரிடம்தான் கொடுக்க வேண்டும். சந்தையில் இன்ன விலை என்று தெரிந்துகொண்டு அவரிடம் பேரம் பேசலாம், அவ்வளவுதான். அவர் மாட்டேன் என்றால், பக்கத்து ஊரில் இருக்கும் இன்னொரு தரகரைத் தேட வேண்டும். மீனவருக்குப் படகு இருந்தது, திருப்பினார். இவர் எதைத் திருப்புவார்?

நம் ஊர்த் தக்காளி மண்டிக்கு வாருங்கள். விடியற்காலையில் பெட்டிகளை இறக்கி வைத்திருக்கும் விவசாயியின் சட்டைப் பையில் செல்போன் இருக்கிறது. அடுத்த ஊர் விலையும் அவருக்குத் தெரியும். ஆனால் நாற்றுக்கும் மருந்துக்கும் இதே மண்டிக்காரரிடம் முன்பணம் வாங்கியிருந்தால், சரக்கை வேறு எங்கே கொண்டுபோவார்? வண்டி வாடகை, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, கமிஷன் எல்லாம் போக, அந்த அடுத்த ஊர் விலையில் கையில் என்ன நிற்கும்? மதியத்துக்குள் பழம் தளர ஆரம்பித்துவிடும். இதை விவசாயியின் விவரக்குறைவு என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

இந்த இடத்தில் நம் உழவர் சந்தையை நினைத்துப் பார்க்கிறேன். 1999 நவம்பரில் மதுரை அண்ணாநகரில் முதலாவது திறந்தது. கமிஷன் இல்லை, கடை வாடகை இல்லை. கூடையைத் தூக்கிக்கொண்டு போய் உட்கார ஒரு இடம் கிடைத்தது. விலையைச் சொன்னதோடு நிற்காமல், விற்கிற இடத்தையும் கொடுத்த திட்டம் அது. ஆனால் அது கூடை அளவுக்குத்தான் தாங்கும். ஒரே வாரத்தில் வண்டி வண்டியாகப் பழுக்கிற தக்காளியை அங்கே உட்கார்ந்து விற்க முடியாது.

அதனால், விலை சொல்லும் செயலிக்கு அரசு செலவழிக்கும்போது கூடவே இன்னும் மூன்றையும் பார்க்கச் சொல்கிறேன். விதைக்கும் முன்பே கைக்கு வருகிற வங்கிக் கடன், நாலைந்து பேர் சேர்ந்து பிடிக்கும் வண்டிக்கு உதவி, பக்கத்திலேயே ஒரு குளிர்பதனக் கிடங்கு. இதில் கடனைத்தான் நான் முதலில் வைப்பேன். முன்பணக் கணக்கு தீர்ந்த விவசாயிதான் மண்டி வாசலில் நின்று, "இந்த விலைக்குத் தரமாட்டேன்" என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்ப முடியும்.

நன்றி, வணக்கம்.