பேய் கண்ணுக்கு மை தீட்டுமா? காரைக்கால் அம்மையார் கதை

வணக்கம். கண்ணுக்கு மை தீட்டிக்கொள்ளும் பேயை எந்தப் பேய்ப் படத்திலும் நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். தேவார மூவருக்கும் முன்பே ஒரு பெண் அதைப் பாடி வைத்திருக்கிறார்.

மாம்பழக் கதை தெரிந்ததுதான் என்பதால் விரைவாகக் கடந்துவிடுவோம். காரைக்கால் வணிகர் தனதத்தனின் மகள் புனிதவதி, கணவன் பரமதத்தன் அனுப்பிய இரண்டு மாங்கனிகளில் ஒன்றைச் சிவனடியாருக்கு இட்டுவிட, அதற்கு ஈடாக இறையருளால் வேறொரு கனி வந்தது. அதையறிந்து அஞ்சிய கணவன் அவரைப் பிரிந்து பாண்டி நாட்டில் வேறு மணம் செய்துகொண்டான். பின்னாளில் தேடி வந்த மனைவியின் காலில் குடும்பத்தோடு விழுந்தான். அவனுக்காகத் தாங்கிய அழகு இனி எதற்கு என்று அவர் பேய் வடிவம் வேண்டிப் பெற்றார்.

இது 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் சொன்ன கதை. ஆனால் அற்புதத் திருவந்தாதி, திருவிரட்டை மணிமாலை, இரண்டு மூத்த திருப்பதிகங்கள் என அம்மையார் பாடிய 143 பாடல்களில் மாங்கனியும் இல்லை, பரமதத்தனும் இல்லை. தம்மைக் 'காரைக்காற் பேய்' என்று சொல்லிக்கொள்ளும் குரல்தான் கேட்கிறது. காரைக்காலில் ஆண்டுதோறும் மாங்கனியை வாரி இறைத்துத் திருவிழா எடுக்கிறோம். எனக்கென்னவோ அந்த மைதான் பிடித்திருக்கிறது.

இனி அந்தப் பேயிடம் வருவோம். திருவாலங்காட்டுச் சுடுகாட்டில் ஒரு பெண்பேய் கள்ளிச்செடியின் கவட்டில் காலை நீட்டி உட்கார்ந்து, எரிந்து தீர்ந்த கொள்ளியை எடுத்து மசித்துக் கண்ணில் எழுதிக்கொள்கிறது. வெடுவெடுவென்று சிரிக்கிறது, மறுகணமே எதையோ கண்டு வெருண்டு துள்ள, பிணத்தீ அதையே சுட்டுவிடுகிறது. கோபம் பொத்துக்கொண்டு வர, புழுதியை வாரி இறைத்துத் தீயை அவிக்கப் பார்க்கிறது. அலங்காரம், அலட்டல், அவதி, ஆத்திரம் எல்லாம் நான்கே அடிகளில்! பயமுறுத்த வேண்டிய பேயை இவ்வளவு செல்லமாகப் பார்த்தவர் வேறு யாராவது இருந்தால் கருத்துப் பகுதியில் சொல்லுங்கள். அத்தனை அமளிக்கும் நடுவில் 'எங்கள் அப்பன்' ஆடிக்கொண்டிருக்கிறான் என்று பாட்டு முடிகிறது.

அந்த அப்பன்தான், கயிலைக்குத் தலையால் நடந்து வந்தவரைப் பார்த்து 'அம்மையே' என்று அழைத்தான் என்கிறது பெரியபுராணம். அடுத்த முறை சிவன் கோயிலில் அறுபத்து மூவர் வரிசையைக் கடக்கும்போது சற்று நின்று பாருங்கள்: மற்றவர்கள் நிற்க, எலும்பு தெரியும் உடலோடு ஒருவர் மட்டும் உட்கார்ந்திருப்பார்.